அதுமேலயே எழுதட்டுமா?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகிற மினி பஸ் டிரைவரிடம் சுலோச்சனாவைத் தெரியுமா என்று கேட்டால், "அம்மன் பாட்டு சுலோச்சனாவா?" என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டே காட்டிவிடுவார். அதே பெயரை அவள் ஊருக்குள் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு யாராவது ஒருவர், "ஓ, ஏகாம்பரம் பொண்டாட்டியா? அப்டி கேளு" என்பார். இத்தனைக்கும் ஆடி மாதம் முழுக்க அந்த ஊர் ஸ்பீக்கரில் ஓடுவது அவள் பாட்டுதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். நூறு நாள் வேலையில் வருகை எடுப்பவன், பால் சொசைட்டியில் அளப்பவன், பக்கத்துக் கழனிக்காரி எல்லாருக்கும் அவள் ஏகாம்பரம் பொண்டாட்டி. சுலோச்சனா என்கிற பெயர் ஆதார் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஒரு தடவையாவது இந்த ஊர் மேடையில், மைக்கில், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், தான் எழுந்து போய்ப் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர் ஆர்கெஸ்ட்ராதான் வரும். ஊர்ப் பெண்கள் கீழே பாயில் உட்கார்ந்து கேட்பார்கள், அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று அந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பாட வந்த கதையே ஒரு கூத்து. அவளைப் பாடகி ஆக்கியது அம்மன் இல்லை, கொசு. டெங்கு வந்த வருஷம் ஊராட்சியில் விழிப்புணர்வு ஆட்டோ விட்டார்கள். அதற்கு ஒரு பாட்டு வேண்டும், மகளிர் குழுவில் யாருக்குப் பாடத் தெரியும் என்று கேட்டார்கள். களை எடுக்கும்போது வாய் ஓயாமல் பாடுகிறவள் என்று இவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். "தேங்கி நிக்கிற தண்ணிய ஊத்து, தொட்டிய மூடு தங்கச்சி" என்று ஒரு பாட்டு. அதைப் பாட உத்திரமேரூருக்கு அழைத்துப் போனார்கள்.

கடைத்தெருவில் கிதர் முகம்மது பாய் கடை, கயிறு, தார்ப்பாய், மோட்டார் பைப் விற்கிற கடை. அதன் மாடியில் பாயுடைய மகன் தௌசீப் ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்தான். ரூம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய கம்பளியும் ஒட்டிய ஒரு பொந்து. கல்யாண ஆட்டோ, கருமாதி ஆட்டோ, கட்சி ஆட்டோ எல்லாவற்றுக்கும் குரல் அங்கேதான் பதிவாகும். சுற்று வட்டாரத்தில் எந்த அம்மனுக்குக் கூழ் வார்த்தாலும் உடுக்கைச் சத்தம் தௌசீப் வைத்தால்தான் கமிட்டிக்காரர்களுக்குத் திருப்தி.

கொசுப் பாட்டைப் பாடிவிட்டு வேர்த்து ஊற்ற வெளியே வந்தவளைத் தௌசீப் மறுபடி உள்ளே கூப்பிட்டான். "அக்கா, ஒரு தபா கேட்டுப் பாரு" என்று ஹெட்போனை மாட்டிவிட்டான். ஃபேன் சத்தம் இல்லை, பஸ் ஹாரன் இல்லை. அவள் குரல் மட்டும், குளித்துவிட்டு வந்தது மாதிரி நின்றது. சுலோச்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இது என் குரலா, இத்தனை நாளாக இதுவா என் தொண்டைக்குள் இருந்தது என்று நம்பவே முடியவில்லை.

"இன்னா தம்பி பண்ண?"

"ஒண்ணியும் பண்ணலக்கா. ஃபேன் இரைச்சல எடுத்தேன், லேசா எக்கோ வச்சேன். அவ்ளோதான். அப்டியே சேவ் பண்ணிக்கிறேன், இரு." அவன் தட்டினான். திரையில் வரிசையாக நிறைய பெயர்கள் இருந்தன. உடுக்கை கோயில், தவில் பெரிசு, கருமாதி எக்கோ, கட்சி ஆம்பள குரல் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர். அந்த எழுத்துகளை அவள் ஆதார் அட்டையில் பார்த்திருக்கிறாள்.

"அது நானா?"

"நீதான். இதுக்குப் பேரு பிரீசெட்டு. இந்தக் குமிழெல்லாம் எங்கெங்க திருப்பி வச்சேனோ அத்த அப்டியே ஞாபகம் வச்சிக்கும். அடுத்த தபா நீ வந்தா, உன் பேர அமுக்கினா போதும், இதே குரல் வந்துடும்."

சுலோச்சனாவுக்கு அது புரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் குழம்புத் தூள் அரைக்க ஒரு அளவு இருக்கிறதே, அது மாதிரி என்று எடுத்துக்கொண்டாள். தன் பெயரில் ஒரு அளவு இருக்கிறது என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு மினி பஸ்ஸில் திரும்பும்போது யாரிடமும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஆடிக்குத் தௌசீப் ஆள் அனுப்பினான். அம்மன் பாட்டு நாலு. அவள் பாடினாள், அவன் அவள் பெயரை அமுக்கினான், பாட்டு வெளியே போனது. ஒரு கமிட்டிக்காரர் கேட்டுவிட்டு, குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது என்றார். தௌசீப் நாலு குமிழைத் திருகிக் கொஞ்சம் மெலிசாக்கினான். பிறகு சேவ் பண்ணினான். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

"அது இன்னா கேக்குது?"

"இதே பேர்ல ஏற்கெனவே ஒண்ணு கீது, அதுமேலயே எழுதட்டுமான்னு கேக்குது."

"நீ இன்னா சொன்ன?"

"எழுதுன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வேலைக்குப் போய்விட்டான். அவளும் தலையை ஆட்டிக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் வருஷா வருஷம் இதே கதை. ஒருவர் வந்து சில்லென்று வேண்டும் என்றார், அதற்கு ஒரு திருகல். இன்னொருவர், சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தால் ஸ்பீக்கரில் எடுபடும் என்றார், அதற்கு ஒரு திருகல். சுருதி விலகினால் தானே இழுத்துக் கட்டுகிற சமாச்சாரம் ஒன்று புதிதாக வந்தது, அதையும் மாட்டினான். ஒரு குரலை நாலாகப் பிரித்துப் பின்னால் நிறுத்துகிற இன்னொன்று வந்தது, அதுவும் ஏறியது. ஒவ்வொரு தடவையும் பெட்டி கேட்டது, அவன் பார்க்காமலே பட்டனைத் தட்டினான்.

பொய் சொல்வானேன், சுலோச்சனாவுக்கும் அது பிடித்திருந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இருபது வயசுக் குரல் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? தூரத்தில் எங்காவது ஸ்பீக்கர் பாடினால் கரண்டியை வைத்துவிட்டு நின்று கேட்பாள். மாகறலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "நீங்கதான் அந்த சுலோச்சனாவா?" என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியூரில்தான் இந்த மரியாதை எல்லாம். திரும்பி ஊருக்குள் கால் வைத்ததும் பழையபடி ஏகாம்பரம் பொண்டாட்டி.

ஏகாம்பரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முதலில் "பொம்பளைக்கு இன்னா ரெக்கார்டிங்கு" என்று குதித்த மனுஷன்தான். பாட்டு நாலு ஊரில் ஓட ஆரம்பித்ததும் தன் போனுக்கு அதையே ரிங்டோன் வைத்துக்கொண்டான். டீக்கடையில் போன் அடித்தால் எடுக்க மாட்டான், இரண்டு வரி ஓடவிடுவான். "நம்ம வூட்டுதான்" என்று சுற்றிலும் பார்ப்பான். அதே மனுஷன், வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினால், "தலவலிக்குது, நிறுத்துறியா கொஞ்சம்" என்பான். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அவன் காதுக்குச் சுலோச்சனா போனுக்குள் இருந்தாள், தொட்டியடியில் உட்கார்ந்திருப்பவள் வேறு யாரோ.

இந்த வருஷம் ஆனி கடைசியில் திருவிழாக் கமிட்டி எல்லப்பன் வீடு தேடி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, சுத்துப்பட்டு ஊரெல்லாம் உன் பாட்டு ஓடுது. நம்ம ஊர் மேடையில நீ பாடலன்னா அது நமக்குதான் அசிங்கம். கூழ் வாக்கிற அன்னிக்கு சாயங்காலம் உன் கச்சேரிதான். நோட்டீஸே அடிச்சாச்சு" என்றார்.

நோட்டீஸில் மஞ்சள் எழுத்தில், கிராமியக் குரலரசி சுலோச்சனா என்று இருந்தது. ஏகாம்பரம் மனைவி என்றெல்லாம் இல்லை, வெறும் சுலோச்சனா. எல்லப்பன் போனதும் அவள் அதை மடிக்காமல் அரிசி டிரம் மேல் வைத்தாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து ஒரு தடவை பார்த்தாள், மறுபடி போய் மறுபடி வந்தாள். எத்தனை வருஷத்து ஆசை, கேட்காமலே வீடு தேடி வந்திருந்தது.

அன்றிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. மேடையில் பாடும்போது ஸ்பீக்கரில் வருகிற மாதிரி வர வேண்டுமே? ஏகாம்பரம் கழனிக்குப் போன பிறகு அவன் பழைய போனை எடுத்து, தன் பாட்டைத் தானே போட்டு, அதோடு சேர்ந்து பாடிப் பார்த்தாள். போனில் இருப்பவள் மேலே போய்க்கொண்டே இருந்தாள். இவளால் அவ்வளவு உயரம் போக முடியவில்லை. தொண்டையை இறுக்கி, மூக்கில் கொண்டுபோய், எப்படி எப்படியோ இழுத்தாள். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக் குடித்தாள். பத்து நாள் போனதும் பேசுகிற குரலே கம்மிப்போனது. தன் பாட்டையே தன்னால் பாட முடியவில்லை என்றால் வெளியில் யாரிடம் போய்ச் சொல்வது?

உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினாள். கடையில் பாய், "வாம்மா, மேலதான் கீறான்" என்றார். தௌசீப் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி வந்தால் அவனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது.

"தம்பி, எங்க ஊர் மேடையில பாடறேன்" என்று சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் குரலு மேடையில வரணும். என் பேர் அமுக்குவியே, அத்த வினோத்குமார்கிட்ட குடுத்துடு." வினோத்குமார் ஊருக்கு மைக் செட் கட்டுகிறவன்.

தௌசீப் உதட்டைப் பிதுக்கினான். "அது ஆவாதுக்கா. அந்த ஃபைல மட்டும் குடுத்தா வினோத்து அத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவான்? அவன் கிட்ட இருக்கிறது வெறும் மிக்சர். இந்த சாஃப்ட்வேர் எல்லாம் இருந்தாதான் அது வேல செய்யும். லேப்டாப் வச்சி ஓட்டலாம்னு பாத்தா, நீ பாடி முடிச்சப்புறம்தான் சத்தம் வரும். பேஜாராயிடும்."

"அப்ப மொதல்ல செஞ்சியே தம்பி, கொசுப் பாட்டுக்கு? ஒண்ணியும் பண்ணலன்னு சொன்னியே, அது?"

தௌசீப் நிமிர்ந்தான். "அது நல்ல யோசனதான். அதுல ரெண்டு மூணு திருகுதான் இருந்துச்சு. எவ்ளோன்னு பாத்து சொன்னா, வினோத்து மிக்சர்லயே வச்சிடுவான். உன் குரல் அப்டியே வரும்." சந்தோஷமாகத்தான் தேட ஆரம்பித்தான். பட்டியலைத் திறந்தான். அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதைத் திறந்தால் திரை நிறையக் குமிழ்கள். போன மாதத் தேதி போட்டிருந்தது. வேறொரு டிஸ்க்கைச் செருகிப் பார்த்தான், பென் டிரைவ்களைக் கொட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் இதையேதான் காப்பி பண்ணி வைத்திருந்தான்.

"இல்லக்கா" என்றான் கடைசியில். "அதுமேலயே எழுதிட்டேன். பழசு அழிஞ்சிடுச்சு."

"கொசுப் பாட்டு?"

"அது பஞ்சாயத்து பென் டிரைவுல போச்சு. எங்கிட்ட இல்ல. டிஸ்க் பத்தலன்னு பச்சைக் குரல் எதையும் நான் வச்சிக்கிறது இல்லக்கா. செட்டிங் போட்டுதான் சேவ் பண்ணுவேன்."

தேடும்போது அவன் கை தவறி ஒரு பாட்டு ஓடியது. "செய்யாத்து மணலெடுத்துச் செல வச்சேன் தாயே" என்று அவள் குரல் பாடியது. அதே இழுப்பு, அதே சில்லிப்பு. சுலோச்சனா கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு வரி போன பிறகுதான் அவளுக்குச் சுரீர் என்றது.

"இத்த நான் எப்ப பாடினேன்?"

தௌசீப் பாட்டை நிறுத்தினான். கீபோர்டைத் துடைத்தான்.

"சொல்லு தம்பி. இது நான் பாடவே இல்லியே."

"சுதான்னு ஒரு பொண்ணுக்கா. காலேஜ் படிக்குது. நீ நடவுன்னு வரல, ஆர்டர்காரன் தலமேல நிக்கிறான். இன்னா பண்றது? அந்தப் பொண்ண பாட வச்சி உன் பேர அமுக்கினேன். அப்டியே நீயாட்டமே வந்துச்சு. யாருக்கும் தெரியல."

"யாருக்கும் தெரியலியா?"

"செய்யாறு, மதுராந்தகத்துலகூட ரெண்டு ஸ்டுடியோக்காரங்க கேட்டாங்க, அந்த சுலோச்சனா செட்டிங் அனுப்புப்பான்னு. வாட்ஸப்ல அனுப்பிட்டேன். ஒரு ஃபைல்தானேக்கா." அவன் சொன்ன விதத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கயிறு வாங்க வந்தவனுக்குக் கடையில் தண்ணீர் கொடுப்பார்களே, அப்படித்தான் கொடுத்திருக்கிறான். அதனால்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"ஒண்ணு பண்ணுக்கா" என்றான். "வினோத்குமார்கிட்ட பென் டிரைவ் குடுக்கிறேன். பாட்டு ஓடும், நீ மைக்க புடிச்சிக்கினு வாய மட்டும் அசச்சா போதும். பெரிய பெரிய ஆளுங்களே அப்டிதான் பண்றாங்க."

"என் ஊர்ல, என் பேர் போட்ட மேடையில, நான் வாய அசைக்கிறதா?" சுலோச்சனா எழுந்துவிட்டாள். "பச்சையாவே பாடறேன். கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போவட்டும்."

நல்லாத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி போனை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு சேர்ந்துதான் இழுத்தாள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேப்பிலை கட்டி, கொப்பரையில் கூழ் ஊற்றி, கருவாட்டுக் குழம்பு மணக்க, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். சாயங்காலம் மேடையில் டியூப் லைட் எரிந்தது. சுலோச்சனா அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் வெள்ளை வேட்டியில், பக்கத்திலிருப்பவனுக்கு நோட்டீஸைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்ததாக, நம் ஊருக்குப் பெருமை சேர்த்த கிராமியக் குரலரசி, சுலோச்சனா அவர்கள்!" என்று எல்லப்பன் மைக்கில் சொன்னார். அந்தப் பெயர் நாலு குழாய் ஸ்பீக்கரிலும் போய், ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. சுலோச்சனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! அவள் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"வேப்பில சேல கட்டி வெயில்ல நிக்கிறவளே" என்று ஆரம்பித்தாள். வெளியே வந்தது கம்மிப்போன குரல். உயரத்துக்குப் போகப் பார்த்து, போக முடியாமல் உடைந்தது. கீழே இறக்கிப் பாடலாம் என்றால் அதற்கும் தொண்டை வரவில்லை. பக்கத்தில் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் அவளுக்காகச் சத்தத்தைக் குறைத்தார். குறைத்ததும் உடைசல் இன்னும் நன்றாகக் கேட்டது.

கீழே முணுமுணுப்பு எழுந்தது. மாகறலிலிருந்து வந்திருந்த எல்லப்பனின் மச்சினி எல்லம்மாள் சத்தமாகவே கேட்டாள். "இன்னா மாமா, சுலோச்சனா வருதுன்னு சொல்லித்தானே எங்கள எல்லாம் கூட்டியாந்த? இது யாரு?"

"அவதான்மா சுலோச்சனா. நம்ம ஏகாம்பரம் பொண்டாட்டி."

"போ மாமா. எங்க ஊர்ல தெனம் ஓடுது அந்தப் பாட்டு. எனக்குத் தெரியாதா அந்தக் குரலு? யாரையோ நிக்க வச்சி ஏமாத்துறீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "அவங்களதான் கூப்டுங்களேன்" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். எல்லப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மேடையோரமாகப் போய் வினோத்குமாரிடம் ஏதோ சொன்னார். மேடையில் அவள் குரல் எடுபடாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தௌசீப் அவனிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்து வைத்திருந்தது சுலோச்சனாவுக்குத் தெரியாது.

கையிலிருந்த மைக் செத்தது. நாலு ஸ்பீக்கரிலும் உடுக்கை உதறிக்கொண்டு கிளம்பியது. பிறகு அந்தக் குரல், இருபது வயசுக் குரல், சில்லென்று எழுந்தது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். எல்லம்மாள் கையைத் தட்டி, "இது, இதுதான் சுலோச்சனா!" என்றாள். ஏகாம்பரம் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தான். தொண்டை கட்டியது சரியாகிவிட்டது என்று அந்த மனுஷன் நம்பியிருக்க வேண்டும், மேடையைப் பார்த்து, "இப்பதான் நல்லா கீது, அப்டியே பாடு!" என்று கத்தினான்.

சுலோச்சனா மேடையில் நின்றாள். இறங்கி ஓடினால் ஊர் சிரிக்கும். வாயை அசைத்துத் தொலைக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டாள், கடவுள் சத்தியமாக நினைத்தாள். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஸ்பீக்கர் பாடியது: "செய்யாத்து மணலெடுத்து..."

அது அந்தச் சுதா பாடிய பாட்டு. சுலோச்சனாவுக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும். அந்த இரண்டு வரிக்கு வாயை அசைத்தாள். மூன்றாவது வரியில் பாட்டு அதுபாட்டுக்குப் போனது, அவள் வாய் திறந்தபடியே நின்றது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தன. அப்புறம் பெரியவர்களும் சிரித்தார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அவள் நிற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஏகாம்பரம் சமாதானம் சொன்னான். "வுடு, பாதி பேருக்குத் தெரியவே தெரியாது. பாட்டு நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லிக்கினு போறாங்கோ."

"அது நான் பாடலய்யா."

"மைக் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

"அந்தப் பாட்டே நான் பாடினது இல்ல. வேற ஒரு பொண்ணு பாடினது."

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கொடியில் போட்டான். "இருந்தா இன்னா? உன் குரல்தானே" என்றான். சுலோச்சனாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போனாள்.

ஆடி முடிந்த பிறகு அவள் தௌசீப்பிடம் போனாள். ஒரே ஒரு வேலைக்குத்தான் போனாள். "என் பேர அதுலேருந்து எடுத்துடு தம்பி."

தௌசீப் தலையைத் தொங்கப்போட்டான். நடந்ததை வினோத்குமார் சொல்லியிருந்தான். "இங்க எடுத்தா இன்னாக்கா? செய்யாறுல கீது, மதுராந்தகத்துல கீது. அவங்க யார் யாருக்குக் குடுத்தாங்களோ. எல்லாரும் அதே பேர வச்சித்தான் தேடுவாங்க." கீழே கடையில் பாய் யாருக்கோ பைப் அளந்துகொண்டிருந்தார்.

"உக்காருக்கா" என்றான் தௌசீப். "இப்ப பாடு. புதுசா செய்றேன். ஒண்ணியும் கூட்ட மாட்டேன், ஃபேன் சத்தம் மட்டும் எடுக்கிறேன். மொதல்ல செஞ்ச மாதிரியே."

மைக் முன்னால் உட்கார்ந்தாள். என்ன பாடுவது என்று தெரியாமல் கொசுப் பாட்டையே எடுத்தாள். "தேங்கி நிக்கிற தண்ணிய ஊத்து..." இரண்டாவது வரிக்குள் குரல் தானாக மூக்குக்குப் போய் மேலே இழுத்தது, போனோடு பாடிப் பாடி வந்த பழக்கம். நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இழுப்பு. மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"மொதல்ல நான் எப்டி தம்பி பாடினேன்?"

தௌசீப்புக்கும் அது ஞாபகம் இல்லை.

"சரி, எப்டி வருதோ அப்டி எடு" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். கரகரப்பும் இழுப்புமாக, ஒரு வழியாகப் பாடி முடித்தாள். தௌசீப் இரண்டே குமிழைத் தொட்டான். அவள் பெயரை அடித்தான். அந்தச் சின்னப் பெட்டி வந்து நின்றது. இந்தத் தடவை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது என்ன கேட்கிறது என்று அவளுக்கே தெரியும்.

"அதுமேலயே எழுது" என்றாள்.

இத்தனை வருஷம் பார்க்காமலே தட்டிய கை அப்படியே நின்றது. "அது முடியாதுக்கா. தை மாசத்துக்கு வாங்கி வச்சிருக்கிற ஆர்டர் எல்லாம் அந்தக் குரல்லதான் கேட்டுக்கிறாங்க. அத்த அழிச்சிட்டா நான் எங்க போவேன்? கோவிச்சிக்காத. இதுக்கு வேற ஒரு பேர் சொல்லேன்."

"என் குரலுக்கு நான் வேற பேர் சொல்லணுமா?"

தௌசீப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி போகாமல் நின்றது. சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மினி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஏகாம்பரம் பொண்டாட்டின்னு போட்டுக்க" என்றாள்.

தௌசீப் அப்படியே அடித்தான். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை.